ராஜாவை ‘நீ’ என்றவன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் தங்கை மகள் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறாள். கையில் இரண்டு நோட்டு. ஒன்றின் அட்டையில் ‘கிராமர்’, மற்றதில் ‘லிட்டரேச்சர்’ என்று எழுதியிருந்தது.

“நிறைய டவுட் இருக்கு மாமா. கிளாஸ்ல கேட்டா சிரிப்பாங்க. எல்லாமே ஆறாங்கிளாஸ் டவுட்டு.”

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆறாங்கிளாஸ் சந்தேகத்தை ஆறாங்கிளாஸில் நாங்கள் தீர்த்துவைத்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். விதியைச் சொன்னோம், கோடிட்ட இடத்தை நிரப்பு என்றோம், மார்க் போட்டோம். சந்தேகம் பத்திரமாகப் பிள்ளைகளோடு காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுப்படியில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. டீ வருவதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்றேன்.

அவள் பையில் ரென் அண்ட் மார்ட்டின் இருந்தது. “ரென் யாருன்னு தெரியுமா?” என்று கேட்டேன். கிராமர் எழுதியவர் என்றாள். கிராமரும் எழுதியவர். பி.சி. ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்று ஒரு சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கினார். பாலைவனம், பிரெஞ்சு ஃபாரின் லீஜன், காணாமல் போன நீலக்கல் என்று போகிற கதை. ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது. நம் பிள்ளைகளை இத்தனை காலம் மிரட்டிய இலக்கணப் புத்தகத்தின் அட்டையில் இருப்பது ஒரு கதாசிரியரின் பெயர். இரண்டு நோட்டு போட்டு வந்தவளுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் சந்தேகம், ‘எ’ எங்கே, ‘தி’ எங்கே. “ரூல் எல்லாம் தெரியும் மாமா. எழுதும்போதுதான் விட்டுப்போகுது.”

விட்டுத்தான் போகும். தமிழில் ‘தி’க்கு நேரான சொல் இல்லை. ஆனால் அந்தச் சொல் செய்கிற வேலை தமிழிலும் நடக்கிறது, வேறு இடத்தில். “நேத்து கடையில பேனா வாங்கினேன். நேத்து கடையில பேனாவை வாங்கினேன். ரெண்டும் ஒண்ணா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “இல்ல. ரெண்டாவதுல எந்தப் பேனான்னு கேக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.”

அவ்வளவுதான். அந்த இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்கிற வேலையைத்தான் ‘தி’ செய்கிறது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அந்தப் பேனா. ‘ஐ’ இல்லாத பேனா ஏதோ ஒரு பேனா. அது ‘எ பென்’. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. ஆட்களைச் சொல்லும்போது தெரிந்தவனோ தெரியாதவனோ, ‘பையனைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்வோம். எழுவாயிலும் உதவாது. ‘மாடு வந்தது’ என்றால் நம் வீட்டு மாடா, ஏதோ ஒரு மாடா என்பது பேச்சின் போக்கில்தான் தெரியும். நம் பிள்ளைகள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தி’யை அதிகம் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். அங்கே கை பிடித்துக் கூட்டிப்போக ‘ஐ’ இல்லை.

‘எ’யா ‘அன்’னா என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. எழுத்தைப் பார்க்காதே, காதால் கேள் என்று யாரோ நல்ல வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எ மினிஸ்டர், ஆனால் அன் எம்.எல்.ஏ. அன் ஹவர், ஆனால் எ யுனிவர்சிட்டி. நான் கூடுதலாக ஒரு வேடிக்கையை மட்டும் சொன்னேன். சமையலில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முன்பு ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, ‘ன்’ முன்னால் ஒட்டிக்கொண்டு ‘அன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. பட்டப்பெயரில் இது தலைகீழாக நடந்தது. ‘ஈக்’ என்றால் கூடுதல். ‘அன் ஈக் நேம்’ என்பதிலிருந்து ‘ன்’ பின்னால் நகர்ந்து ‘எ நிக்நேம்’. படித்தவர்கள் செய்த பிழையா, படிக்காதவர்கள் செய்த பிழையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

டீ வந்தது. அவள் ‘கிராமர்’ நோட்டில் பேனா, பேனாவை என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஹெமிங்வே பாடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’, 1952. தலைப்பில் எத்தனை ‘தி’? இரண்டு. கிழவனுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. இப்போது புத்தகத்தைத் திறந்து முதல் வாக்கியத்தைப் பார். அங்கே அதே கிழவன் ‘அன்’ போட்டுக்கொண்டு வருகிறான். ஊரில் ஏதோ ஒரு கிழவன், எண்பத்துநாலு நாளாக மீன் அகப்படாதவன். படித்து முடித்து மூடும்போது தலைப்பு கண்ணில் படும். இப்போது அவன் நமக்குத் தெரிந்த கிழவன். ‘அன்’னிலிருந்து ‘தி’ வரைக்கும் நடப்பதுதான் அந்தக் கதை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் விட மனசு வராது. தமிழில் ‘கடலும் கிழவனும்’ என்கிறபோது இந்த விளையாட்டுக்கு இடமே இல்லை.

“இதை எந்த நோட்டுல எழுதறது?” என்றாள். எதில் வேண்டுமானாலும் எழுது என்றேன்.

அடுத்த இரண்டு சந்தேகங்கள் சீக்கிரம் முடிந்தன. ‘டிட் யூ வென்ட்’ ஏன் தப்பு? தமிழில் ‘போனாயா’ என்னும்போது இறந்தகாலம் வினைக்குள் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு முறைதான் இருக்கலாம். கேள்வி கேட்கும்போது காலத்தைச் சுமக்கிற வேலையை ‘டூ’ வாங்கிக்கொண்டு ‘டிட்’ ஆகிறது. சுமையை இறக்கி வைத்த ‘வென்ட்’ மறுபடி ‘கோ’வாக நிற்கிறது. ஒரு பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘டூ’ இல்லாமலே, வினையை முன்னால் தள்ளியும் கேள்வி கேட்டார்கள். இரண்டு வழக்கமும் அவருடைய நாடகங்களில் உண்டு. ‘கம்ஸ் ஹீ’ என்று நாடகத்தில் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைக்காதே.

மற்றது ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’. இந்தப் பிழையைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மைப் பேனாக்கள் தீர்ந்தன. ‘ஹேவ்’ போட்டால் ‘நேற்று’ வரக் கூடாது என்று விதி சொல்லும். ஏன் நமக்கு மட்டும் வருகிறது? காலையில் எழுந்து வாசலைத் திறக்கிறோம், தரை ஈரம். ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். நம்முடைய ‘இருக்கிறது’ முடிந்துபோன குறிப்பிட்ட நேரத்தோடு தாராளமாகச் சேரும். அதோடு ‘நான் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன்’ என்றும் சொல்லிவிடும். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’வுக்கு இந்தத் துப்பறியும் வேலை தெரியாது. நடந்தது இன்றுவரை நீள்கிறது என்று மட்டுமே சொல்லத் தெரியும். நேற்று என்று நாள் குறித்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று, அது ஒதுங்கிக்கொள்ளும். பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்வதால் வருகிற வினை.

பிரெபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாதாமே என்றாள். 1672இல் டிரைடன் என்ற கவிஞர் பென் ஜான்சனைக் குறை சொல்லிக் கிளப்பிவிட்ட விவகாரம் அது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. விடு என்றேன்.

பிறகு இலக்கிய நோட்டைத் திறந்தாள். இரண்டு மார்க் கேள்விகள் வரிசையாக இருந்தன. பிளாங்க் வெர்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். “அன்ரைம்டு அயாம்பிக் பென்டாமீட்டர்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அயாம்பிக் என்றால்? “அன்ஸ்டிரெஸ்டு ஃபாலோட் பை ஸ்டிரெஸ்டு.” சரி, ஒரு வரியை அப்படிப் படித்துக்காட்டு. அவள் படித்ததில் எல்லா அசைக்கும் ஒரே எடை. ரேஷன் கடையில் அரிசி போடுகிற மாதிரி.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் யாப்பு நீட்டலையும் மூடலையும் அளக்கிறது. குறிலா, நெடிலா, ஒற்று வந்து அடைத்ததா என்று பார்த்தால் போதும். செய்யுளை வாய்விட்டுப் படிக்காமலே, எழுத்தைப் பார்த்தே நேர், நிரை என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. அங்கே அளவு அழுத்தத்தில் இருக்கிறது, அழுத்தம் எழுத்தில் தெரியாது. பிறந்தநாளுக்குக் கொடுக்கும் ‘பிரசன்ட்’டுக்கு முதல் அசையில் அழுத்தம். மேடையேறிக் கட்டுரையைப் ‘பிரசன்ட்’ பண்ணினால் பின் அசையில். எழுத்து அதேதான். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறும் சொல் கிடையாது. அதனால் நம் காது அதைத் தேடவே தேடாது.

டம்ளரை வாங்கி விளிம்பில் விரலால் தட்டிக் காட்டினேன். “ஐ வாண்ட் அ கப் ஆஃப் டீ பிஃபோர் ஐ கோ.” ‘ஐ’ மெலிவு, ‘வாண்ட்’ வலிவு. ‘அ’ மெலிவு, ‘கப்’ வலிவு. ‘ஆஃப்’ மெலிவு, ‘டீ’ வலிவு. ‘பி’ மெலிவு, ‘ஃபோர்’ வலிவு. ‘ஐ’ மெலிவு, ‘கோ’ வலிவு. பத்து அசை, ஐந்து தட்டு. டீ கேட்கிற சாதாரண வாக்கியம், அதுவே ஒரு பென்டாமீட்டர் வரி. நாடகக்காரர்கள் இந்த அளவைப் பிடித்துக்கொண்டதே இதனால்தான். பாட்டு மாதிரியும் இருக்கும், பேச்சு மாதிரியும் இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் சர்ரே பிரபு வர்ஜிலை மொழிபெயர்க்கும்போது இதைக் கொண்டுவந்தார். மார்லோவும் ஷேக்ஸ்பியரும் மேடையேற்றினார்கள். கண் பார்வை போனபின் மில்டன் சொல்லச் சொல்ல எழுதவைத்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667இல் இதே அளவில் வெளிவந்தது.

அவள் டம்ளரைத் திரும்ப வாங்கித் தட்டத் தொடங்கினாள். “என்ன தாளம் அங்கே?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “பென்டாமீட்டர் அத்தை” என்றாள்.

ரைம் என்பதை எதுகை என்று நோட்டில் எழுதியிருந்தாள். அடித்துவிட்டு இயைபு என்று எழுதச் சொன்னேன். எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில ரைம் வரியின் வாலில் வருவது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ‘பேவுல்ஃப்’ மாதிரிப் பழம்பாட்டுகளில் இந்த வால் கிடையாது, முதலெழுத்து ஒன்றி வருகிற மோனைதான் வரியைக் கட்டிப்போடுகிறது. பிளாங்க் வெர்ஸையும் ஃப்ரீ வெர்ஸையும் ஒன்றாக்கிவிடாதே என்றும் சொன்னேன். முன்னதில் இயைபு இல்லை, அளவு உண்டு. பின்னதில் இரண்டும் இல்லை. ஏறக்குறைய அகவலுக்கும் புதுக்கவிதைக்கும் உள்ள தூரம். இந்த ஒப்பீடு என் சொந்தச் சரக்கு இல்லை. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். லிட்டன் பிரபுவின் ஒரு கதைப்பாட்டை எடுத்துத் தமிழில் ஐந்தங்க நாடகமாக்கினார். அதற்குப் பெரும்பாலும் அவர் எடுத்துக்கொண்ட பா ஆசிரியப்பா, அதாவது அகவல். ஆங்கில நாடகத்துக்குப் பிளாங்க் வெர்ஸ் என்றால் தமிழ் நாடகத்துக்கு எது என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் தினமும் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுத்ததுதான்.

கடைசியாக, தயங்கித் தயங்கி, பெரிய சந்தேகத்தை எடுத்தாள். “ஷேக்ஸ்பியர் புரியவே இல்ல மாமா. அது ஓல்ட் இங்கிலீஷ்தானே?”

ஓல்ட் இங்கிலீஷ் இல்லை. ‘பேவுல்ஃப்’தான் ஓல்ட் இங்கிலீஷ், அதை இன்றைய ஆங்கிலேயரிடமே கொடுத்தாலும் அகராதி இல்லாமல் நகர மாட்டார். 1400இல் இறந்த சாஸர் எழுதியது மிடில் இங்கிலீஷ். ஷேக்ஸ்பியருடையது நவீன ஆங்கிலத்தின் தொடக்கம். இலக்கணம் ஏறக்குறைய இன்றைய ஆங்கிலத்தினுடையதுதான். சில சொற்கள்தான் காலை வாரும். ஜூலியட் மாடத்தில் நின்று ரோமியோவை நினைத்து ‘வேர்ஃபோர்’ என்கிறாள். எங்கே இருக்கிறான் என்று தேடுவதாக நினைத்துக் கையை நெற்றியில் வைத்து நடிக்கிறார்கள். ‘வேர்ஃபோர்’ என்றால் ஏன். நீ ஏன் அந்தப் பகைவீட்டு ரோமியோவாகப் பிறந்து தொலைத்தாய் என்று கேட்கிறாள்.

“அப்புறம் இந்த தவ், தீ, தை. சில இடத்துல தவ், சில இடத்துல யூ. பக்கத்துப் பக்கத்துலயே மாறுது. நோட்ஸ்ல தவ்னா யூன்னு மட்டும் போட்டிருக்கு.”

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ‘தவ்’ என்றால் ‘யூ’ என்று தமிழ்ப் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கலாமா? ‘தவ்’ என்றால் நீ. ‘யூ’ என்றால் நீங்கள். முதலில் ஒருமை, பன்மை என்ற வித்தியாசம் மட்டும் இருந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரிடமும் பன்மையில் பேசத் தொடங்கினார்கள். நாம் ‘நீங்கள்’ சொல்கிற அதே வழி. நாளாக ஆகச் சமமானவர்களுக்குள்ளும் ‘யூ’ பரவியது. யாரை ‘தவ்’ என்று சொல்லி எந்த வம்பில் மாட்டுவோமோ என்று எல்லோரையுமே ‘யூ’ ஆக்கிவிட்டார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும், கடவுள் முன்னால் எல்லோரும் ஒன்று, பிரபுவுக்குத் தனி மரியாதை கிடையாது என்று நீதிபதியிடமும் ‘தவ்’ போட்டுப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஒருமைக்கெல்லாம் ‘தவ்’தான், கடவுளுக்கும் அதுவே. அதைக் கேட்டுக் கேட்டு இன்றைக்கு ஆங்கிலேயர்களே ‘தவ்’ ஏதோ உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். முருகனை நாம் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம், அதற்காக ‘நீ’ மரியாதைச் சொல் ஆகிவிடுமா?

“கிங் லியர் வச்சிருக்கியா? முதல் காட்சியை எடு.”

ராஜா நாட்டை மூன்றாகப் பங்குபோட உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு என்மேல் எவ்வளவு அன்பு என்று மகள்களைக் கேட்கிறார். மூத்தவள் அளக்கிறாள், பங்கு கிடைக்கிறது, ‘தவ்’ வகைச் சொல்லில். அப்பாவின் உரிமையில் வருகிற நீ. நடுவுள்ளவளுக்கும் அப்படியே. கடைக்குட்டி கார்டிலியாவிடம் கேட்கும்போது மட்டும் ‘யூ’. செல்லமகளிடம் ஒரு தனிப் பதவிசு. அவள் சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். பார்த்துப் பேசு என்று எச்சரிக்கும்போதும் ‘யூ’தான். பிறகு, உன் உண்மையே உனக்குச் சீதனமாக இருக்கட்டும் என்று கைகழுவும்போது அது ‘தவ்’ ஆகிவிடுகிறது. மூத்தவளுக்குக் கொடுத்த அதே சொல், ஆனால் அங்கே கொஞ்சல், இங்கே அறை. நம் ‘டி’ மாதிரி. ‘வாடி’ என்றாலும் ‘டி’, ‘போடி’ என்றாலும் ‘டி’.

அப்போது கென்ட் பிரபு குறுக்கே வருகிறான். முதலில் அரசே, நான் தந்தையாக நேசித்தவரே என்று முறையாகத்தான் தொடங்குகிறான். ராஜா கேட்கவில்லை. அடுத்த பேச்சில் கென்ட் சபையில் எல்லோர் முன்னாலும் ராஜாவை வயசானவன் என்று விளித்து, ‘தவ்’ போட்டுவிடுகிறான்.

அவள் நிமிர்ந்தாள். “ராஜாவை ‘நீ’ன்னா கூப்பிடறான்?”

அதேதான். இந்த நாடகம் 1606 டிசம்பர் 26 அன்று அரண்மனையில், ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடந்தது. நிஜ ராஜா பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் ஒருவன் ராஜாவை ‘நீ’ என்கிறான். கென்ட்டை நாடு கடத்துவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, ஆனாலும் அந்த ஒரு சொல் விழும்போது சபை எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய லண்டன் மாணவனுக்கு அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்ல வேண்டும். அவன் மொழியில் அந்தச் சொல் செத்துப்போய் வெகு காலமாயிற்று. உனக்கு அடிக்குறிப்பு எதற்கு? நம் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவரை ஒருவன் எல்லோர் முன்னாலும் ‘நீ என்னய்யா’ என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

“அப்போ தவ் வந்தாலே கோபம், யூ வந்தாலே மரியாதைன்னு எழுதிடலாமா மாமா?”

எழுதாதே. சமமானவர்களுக்குள் ‘யூ’ என்பது அன்று சும்மா வழக்கமான சொல். கோயம்புத்தூர்ப் பக்கம் குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார்கள், அதை மரியாதை என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் நேரம்தான் வீண். காற்றையும் வானத்தையும் பேயையும் தெய்வத்தையும் விளித்துப் பேசினால் ‘தவ்’தான், அதில் கோபம் இல்லை. சில இடங்களில் ஒரு காரணமும் இல்லாமல் மாறும். ஒரே ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் அங்கே மட்டும் நின்று, என்ன நடந்தது என்று பார்.

டீ ஆறிப்போயிருந்தது. நாலாம் அங்கத்தின் கடைசிக் காட்சியைக் காட்டி அனுப்பினேன். எல்லாம் இழந்து, புத்தி பேதலித்துத் தெளிகிற அப்பா, துரத்திவிட்ட அதே மகள் முன்னால் கண் விழிக்கிறார். அவர் அவளிடம் பேசுகிற ஒவ்வொரு ‘யூ’வையும் ‘தவ்’வையும் பென்சிலால் வட்டம் போட்டு வா என்றேன்.

புதன்கிழமை ராத்திரி போன் வந்தது.

“மாமா, வட்டம் போட்டுட்டேன். ஒரே ஒரு தவ்தான் இருக்கு. அவளைச் செத்துப்போய் சொர்க்கத்துல இருக்கற ஆத்மான்னு நினைக்கறப்போ சொல்றாரு. அது தன் மகள்னு தெரிஞ்ச பிறகு ஒண்ணுகூட இல்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “விஷம் இருந்தா குடுங்க, குடிக்கிறேன்ங்கறாரு. ‘குடு’ன்னு இல்ல மாமா. ‘குடுங்க’ன்னு.”